ஆட்சியர் சமூகத்திற்கு

எங்கள் மாவட்டத்துக் கலெக்டர் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் மாறுதலாகிப் போனார். ஆனால் கலெக்டர் போகவில்லை. இப்படிச் சொன்னால் வெளியூர்க்காரர்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள். உள்ளூர்க்காரர்கள் ‘ஆமா, அதுக்கென்ன இப்ப’ என்று கேட்டுவிட்டு டீயைக் குடிக்கிறார்கள். நான் கலெக்டர் ஆபீஸ் வாசலில், வாகை மரத்தடியில், மடக்கு மேசை போட்டு மனு எழுதிக் கொடுக்கிறவன். இருபத்தாறு வருடமாக அந்தக் கட்டிடத்துக்குள் போன காகிதங்களில் பாதி என் கையெழுத்தில் போனவை. அதனால் நடந்ததை வரிசையாகச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது. சொல்லாமல் இருக்க முடியாத அளவுக்கு அதில் என் குற்றமும் இருக்கிறது.

முதலில் அந்தப் பட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். எழுபது வயது தாண்டியவர்கள் அதைத் ‘தொரை’ என்பார்கள், பேப்பர்க்காரர்கள் ‘ஆட்சியர்’ என்று எழுதுவார்கள், வாசல் வளைவில் ‘மாவட்ட ஆட்சித் தலைவர்’ என்று சிமெண்டில் புடைத்திருக்கும், மற்ற எல்லாருக்கும் அது கலெக்டர்தான். வெள்ளைக்காரன் நிலவரி வாங்க ஆள் வைத்தபோது சூட்டிய பெயர் அது. அப்புறம் வரி ஒரு மூலைக்குப் போய், ரேஷன் கார்டும், மழைக்குப் பள்ளிக்கூட விடுமுறையும், சாதிச் சண்டைக்கு ஊரடங்கும், ஆழ்துளைக் கிணற்றில் விழுந்த குழந்தையும், தேர் இழுக்க அனுமதியும் ஒவ்வொன்றாக வந்து அந்தப் பெயருக்குள் குடியேறி, கடைசியில் பெயர் ஊரைவிடப் பெரிதாகிவிட்டது. எங்கள் பக்கத்தில் சோறு ஊட்டுகிற தாய்மார்கள் ‘எங்க கலெக்டரு வாயத் தொறக்காக’ என்று பிள்ளையைக் கொஞ்சுவார்கள். பத்து மணி வரை தூங்குகிற மருமகனைப் பார்த்து மாமியார் ‘கலெக்டர் எந்திரிச்சாச்சா’ என்று கேட்பாள். கொஞ்சுவதற்கும் குத்துவதற்கும் கும்பிடுவதற்கும் அந்த ஒரு சொல்லே எங்களுக்குப் போதும்.

மனுவில் மட்டும் அதற்குத் தனி மரியாதை உண்டு. ‘மாவட்ட ஆட்சியர் அவர்கள் சமூகத்திற்கு’ என்று எழுதுவோம். அங்கே சமூகம் என்றால் ஊர்சனம் இல்லை. எதிரில் வீற்றிருப்பது, சந்நிதானம். என்னிடம் வருகிறவர்களில் சிலர், இப்போது இருக்கிற கலெக்டரின் பேரைப் போட்டு எழுதுங்கள், அவருக்கு மனசு இளகும் என்பார்கள். நான் ஒத்துக்கொண்டதே இல்லை. ஆள் மாறினால் ஆளுக்கு எழுதிய மனு செத்துப்போகும், பட்டத்துக்கு எழுதியது சாகாது என்று சொல்லிச் சொல்லி, ஆயிரக்கணக்கானவர்களை அந்தப் பட்டத்தின் முன்னால் மட்டுமே கைகட்டி நிற்கப் பழக்கினேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

மாறுதலாகிப் போனவர் மொஹந்தி, ஒடிசாக்காரர். தமிழைக் காதால் பிடித்துப் பேசுகிறவர். நல்ல மனுசன். ஊருக்கு மேற்கே ஓடைக்கரைப் புறம்போக்கில் நாற்பத்து மூன்று வீடுகள் இருந்தன. அவற்றை இடித்து ஓடையை மீட்க வேண்டும் என்று ஒரு கோப்பு பல வருடமாக மேலும் கீழும் நடந்துகொண்டிருந்தது. மொஹந்தி ஒருநாள் நேரில் போய்ப் பார்த்தார். யாரோ ஒருத்தி நீட்டிய மோரைக் குடித்தார். ‘நான் இருக்குற வரைக்கும் உங்க வீடு இருக்கும்’ என்று சொல்லிவிட்டு வந்து, அந்தக் கோப்பைத் தன் அறை ஜன்னல் விளிம்பில் வைத்துத் தண்ணீர் பாட்டிலை அதன்மேல் வைத்தார். மூன்று வருடம் அது அங்கேயே இருந்தது. நாற்பத்து மூன்றில் ஒரு வீடு டவாலி கொண்டல்சாமியுடையது.

டவாலி என்றால் கலெக்டரின் கதவுக்காரர். வெள்ளைக் கோட்டு, குறுக்கே சிவப்புப் பட்டை, நெஞ்சில் பித்தளை வில்லை. கலெக்டர் நடந்தால் பத்தடி முன்னால் ‘உஸ்ஸ்’ என்று ஒரு சத்தம் கொடுத்துக்கொண்டே போவார். அந்தச் சத்தத்துக்கு நாற்காலிகள் தாமாகப் பின்னால் நகரும். கொண்டல்சாமி பதினொரு கலெக்டர்களுக்கு முன்னால் நடந்தவர். பத்தடி பின்னால் வருகிறவரின் செருப்புச் சத்தத்தை வைத்தே அன்றைக்குக் கோபமா, வயிற்று வலியா என்று சொல்லிவிடுவார். வீட்டில் மனைவி அன்னமயிலிடம் அவர் குரல் எழும்பாது, பிள்ளை இல்லாத வீடு, ஒருத்தருக்கு ஒருத்தர்தான்.

அந்த வெள்ளிக்கிழமை சென்னையிலிருந்து வந்த ஆணையில், மொஹந்தி உடனே விடுவிக்கப்படுகிறார், அடுத்தவர் பெயர் பின்னர் அறிவிக்கப்படும் என்று இருந்தது. இப்படிப்பட்ட சமயத்தில் பொறுப்பை வாங்கிக்கொள்ள வேண்டிய வருவாய் அலுவலர் கண் அறுவை சிகிச்சைக்குப் போயிருந்தார். கேம்ப் கிளார்க் தனுஷ்கோடி பொறுப்பு ஒப்படைப்புச் சான்றைத் தட்டச்சு செய்தார். இடது பக்கம் ஒப்படைப்பவர், வலது பக்கம் ஏற்பவர். ஏற்பவர் பெயரை அப்புறம் பேனாவால் எழுதிக்கொள்ளலாம் என்று காலியாக விட்டார். மொஹந்தி ரயிலுக்கு நேரமாகிறதென்று நின்றபடியே கையெழுத்துப் போட்டார். தனுஷ்கோடி முப்பது வருடப் பழக்கத்தில் ரப்பர் ஸ்டாம்பை மையில் ஒற்றி இடது பக்கம் ஒரு குத்து, வலது பக்கம் ஒரு குத்து குத்தினார். மாவட்ட ஆட்சியர் ஒப்படைத்தார்; மாவட்ட ஆட்சியர் ஏற்றுக்கொண்டார். தேதி இருந்தது, முத்திரை இருந்தது, ஆள் மட்டும் இல்லை.

மொஹந்தியின் கார் வாசலைத் தாண்டியதும் உள்ளே காலி அறையில் மணி அடித்தது.

கொண்டல்சாமி ஒரு நாளைக்கு நாற்பது தடவை போவதைப் போலவே உள்ளே போனார். நாற்காலியில் விரித்திருந்த வெள்ளைத் துண்டு யாரோ உட்கார்ந்தாற்போல் அமுங்கியிருந்தது. ஒரு கோப்பு மேசை விளிம்புக்குத் தள்ளப்பட்டிருந்தது. எடுத்துக்கொண்டு வந்து தனுஷ்கோடியிடம் கொடுத்தார். அதில் பச்சை மையில், ஈரம் காயாமல், ‘பார்த்தேன்’ என்று எழுதி, கீழே ஒரு கோடு இழுத்திருந்தது. தனுஷ்கோடி கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

“கையெழுத்து சுத்தமா இருக்கு” என்று சொல்லிவிட்டு, அனுப்புகைப் பதிவேட்டில் எண் போட்டார்.

கொண்டல்சாமி வெளியே வந்து என் மேசைக்குப் பக்கத்தில் நின்று பீடி பற்றவைத்தார்.

“ஆளு போயாச்சு அண்ணாச்சி. ஆனா உள்ள இருக்காக.”

“யாரு?”

“கலெக்டர்தான். வேற யாரு இருப்பாக.”

திங்கட்கிழமை குறைதீர் நாளில் முந்நூறு பேர் டோக்கன் வாங்கி வரிசையாகப் போனார்கள். நாற்காலிக்கு முன்னால் மனுவை வைத்தார்கள், அது தானாக இழுபட்டது, பச்சை மை ஓடியது, அடுத்த டோக்கன் கூப்பிடப்பட்டது. ஒருத்தராவது பதறி ஓடியிருக்க வேண்டாமா? ஓடவில்லை. எங்களுக்கு நாற்காலிதான் எப்போதும் தெரிந்திருக்கிறது. அதில் உட்கார்ந்திருப்பவரை நிமிர்ந்து பார்த்த பழக்கம் யாருக்கும் இல்லை. கொண்டல்சாமி வெறும் காற்றுக்குப் பத்தடி முன்னால் ‘உஸ்ஸ்’ என்று நடந்தார், நாங்கள் எழுந்து நின்றோம், கார்க் கதவு திறந்தது, பின்பக்க டயர் லேசாக அமுங்கியது, சைரன் போட்டுக்கொண்டு வண்டி போனது. தேரோட்டத்தில் முதல் மரியாதையாகப் பரிவட்டத்தை நீட்டினார்கள். அது ஆள் உயரத்துக்குக் காற்றில் நின்றது. பட்டர் விபூதித் தட்டைக் காட்டிவிட்டு அடுத்த ஆளுக்கு நகர்ந்தார். மகளிர் பள்ளி ஆண்டு விழாவில் எடுத்த புகைப்படத்தில் தலைமையாசிரியைக்கும் தாளாளருக்கும் நடுவில் ஒரு மாலை தொங்கிக்கொண்டிருந்தது, பேப்பரில் அதற்குக் கீழே ‘ஆட்சியர் (நடுவில்)’ என்று போட்டிருந்தார்கள்.

உண்மையைச் சொன்னால் எங்களுக்கு அதைப் பிடித்திருந்தது. புதுக் கலெக்டர் வந்தால் எங்கள் ஊர் முதலில் கேட்கிற கேள்வி, எந்த ஊர், எந்த ஆளுக என்பதுதான். இதற்கு ஊரும் இல்லை, ஆளுகளும் இல்லை, மாமன் மச்சான் இல்லை, சிபாரிசுக்குப் பிடித்துக்கொண்டு போக ஒரு கை இல்லை. கட்சிக்காரர் ஒருவர் மிரட்டிப் பார்க்க உள்ளே போனார். வெளியே வந்தபோது வேட்டியெல்லாம் வேர்வை, மறுநாளே குவாரிக்குச் சீல் வைத்தார்கள். ஒன்பது வருடமாக வராத முதியோர் உதவித்தொகை வந்தது, தாத்தா காலத்துப் பட்டா பேரன் கைக்கு வந்தது. டீக்கடையில் இருந்தவர்கள் ஆள் இல்லாததுதான் நல்லது என்றார்கள். நானும் சொன்னேன். இரண்டு மடங்கு மனு எழுதினேன், ஒவ்வொன்றிலும் சமூகம் என்ற சொல்லை முன்பைவிட அழுத்தமாக எழுதினேன்.

மூன்றாவது வாரத்தில்தான் குளிர ஆரம்பித்தது. பங்குனி வெயிலில், அந்த அறைக்கு எதிரே நடந்தால் மட்டும் முழங்கை மயிர் நின்றது. பிறகு குமாஸ்தாக்கள் ஒருத்தரையொருத்தர் பேர் சொல்லிக் கூப்பிடுவதை விட்டார்கள். ‘ஏ பிரிவு வந்தாச்சா’, ‘கண்காணிப்பாளர் சாப்பிடப் போயாச்சு’ என்று பேசிக்கொண்டார்கள். தனுஷ்கோடி வீட்டில் தன் மகளை ‘மேற்படி நபர்’ என்று கூப்பிட்டதாக அவர் மனைவி என்னிடம் வந்து சொன்னாள்; இரண்டு பேரும் சிரித்தோம்; சிரித்து முடித்ததும் அவள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

அப்புறம் விதிகள் தம் வேலையைக் காட்டின. பஸ் ஸ்டாண்டில் இட்லி விற்ற ராசம்மாவுக்கு உரிமம் இல்லை. வண்டியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். கண் தெரியாத சின்னப்பனின் சான்றிதழ் காலாவதியாகியிருந்தது. அதனால் அவர் கண் தெரிந்தவராகி, உதவித்தொகை நின்றது. முன்பெல்லாம் இப்படி நடந்தால் அழுதுகொண்டு உள்ளே ஓடுவார்கள். கலெக்டர் மூஞ்சியைச் சுளிப்பார், கத்துவார், கடைசியில் ‘சரி, போங்க, பாக்குறேன்’ என்பார். அந்தப் ‘பாக்குறேன்’ எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லை, ஆனால் எங்கள் மாவட்டம் அதை வைத்துத்தான் உயிரோடு இருந்தது. இது பார்ப்பதில்லை. அழுதவர்களுக்கும் அழாதவர்களுக்கும் ஒரே பச்சை வரி: விதிகளில் இடமில்லை.

புதுக் கலெக்டராக நியமிக்கப்பட்ட மிருதுளா என்ற அம்மாள் நியமன ஆணையோடு வந்து இறங்கியது அந்தச் சமயத்தில்தான். முப்பத்தைந்து வயது இருக்கும். கொண்டல்சாமி கதவைத் திறந்துவிட, உள்ளே போனார். ஐந்து நிமிடத்தில் வெளியே வந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. நேராக மனுதாரர்கள் உட்காரும் பெஞ்சுக்குப் போய் உட்கார்ந்தார். பணியேற்பு அறிக்கையை டோக்கன் வாங்கி வரிசையில் வந்து கொடுக்கச் சொல்லி மேசையில் குறிப்பு இருந்ததாம், கொடுத்தார், ‘பரிசீலனையில் உள்ளது’ என்று ஒப்புகைச் சீட்டு வந்தது. சென்னையில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அறிக்கைகள் எல்லாம் நேரத்துக்கு வந்துகொண்டிருந்தன, முன்பைவிட நேரத்துக்கு. அவர் பயணியர் மாளிகையில் தங்கிக்கொண்டு தினமும் அந்தப் பெஞ்சுக்கு வந்து போனார்.

ஒரு செவ்வாய்க்கிழமை, ஜன்னல் விளிம்பிலிருந்த கோப்பு மேசைக்கு வந்தது. தண்ணீர் பாட்டில் தரையில் நின்றிருந்தது. கோப்பை எடுத்துக்கொண்டு பிரிவுக்குப் போகும் வழியிலேயே கொண்டல்சாமி சர்வே எண்ணைப் பார்த்துவிட்டார். ஏழு நாளில் காலி செய்ய வேண்டும், எட்டாம் நாள் காலை இயந்திரம் வரும். திரும்ப அறைக்குள் போய்க் கைகட்டி நின்று பேசினாராம். அய்யா, நாப்பத்து மூணு வீடு, போக்கிடம் கெடையாது, மொஹந்தி அய்யா வாக்குக் குடுத்தாக என்று. துண்டு அசையவில்லை. ஒரு தாளில் பச்சை மை ஓடியது: ‘முந்தைய அலுவலரின் வாய்மொழி உறுதி இவ்வலுவலகத்தைக் கட்டுப்படுத்தாது.’

அந்தத் தாளோடு என்னிடம் வந்தார். அதை என் மேசைமேல் விரித்து வைத்தார்.

“இருபத்தொம்பது வருசம் இதுக்கு முன்னால நடந்தேன் அண்ணாச்சி. என்னைத் தெரியலையே அதுக்கு.”

நான் அப்போது வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். பெரிய புத்திசாலி மாதிரி யோசித்தேன். “ஆள் இல்லாத பட்டம், அதான் இரக்கம் இல்லை. அந்தச் சான்றுல ஏற்பவர் பேரு இன்னும் காலியாத்தானே கெடக்கு? அதுல ஒரு பேரு எழுதிட்டா ஆளு வந்துரும். ஆளு வந்துட்டா இரக்கம் வந்துரும்” என்றேன்.

கொண்டல்சாமி பெஞ்சில் இருந்த மிருதுளா அம்மாளிடம் போனார். நானும் கூடப் போனேன்.

“அம்மா, இது உங்க நாற்காலி. உங்க பேர எழுதிட்டா எல்லாம் சரியாயிரும். எங்க வீடும் தப்பிக்கும்.”

அவர் கையிலிருந்த ஒப்புகைச் சீட்டை மடித்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

“அன்னிக்கு நான் அதுல உட்கார்ந்தேன். ரெண்டு நிமிஷம்தான். அது என்னைத் தள்ளலை. சட்டையை எடுத்து மாட்டிக்கிற மாதிரி என்னை மாட்டிக்கப் பார்த்துச்சு. என் பொண்ணு பேர் எனக்கு மறந்துபோச்சு. எழுந்து வெளியில வந்தப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு. நான் எழுத மாட்டேன். நீங்களும் யாரையும் எழுத வைக்காதீங்க.”

அன்று சாயங்காலமே அவர் ஊரைவிட்டுப் போய்விட்டார். ஒப்புகைச் சீட்டைப் பெஞ்சிலேயே விட்டுவிட்டுப் போனார். பயந்துவிட்டாள் என்று நாங்கள் பேசிக்கொண்டோம்.

கெடுவில் மூன்று நாள் போனது. வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில் கொண்டல்சாமி மறுபடி என் மேசைக்கு வந்தார். முகம் தெளிந்திருந்தது. கையில் அந்தச் சான்று இருந்தது. தனுஷ்கோடி கேட்டதும் பீரோவைத் திறந்து எடுத்துக் கொடுத்துவிட்டாராம்.

“என் பேர எழுதப் போறேன் அண்ணாச்சி.”

“அந்தம்மா சொன்னதக் கேட்டீரா இல்லையா?”

“அவுகளுக்கு இது வேற ஊரு. அவுக வீடு ஓடைக்கரையில இல்ல. என் பேரு இருந்தா கையும் என் கைதான? என் வீட்டை நானே இடிப்பனா?”

எங்கள் இரண்டு பேர் அறிவுக்கும் அது சரியாகத்தான் பட்டது. என் பேனாவைத்தான் கொடுத்தேன். வாகை மரத்தடியில், என் மடக்கு மேசைமேல் குனிந்து, ஐந்தாம் வகுப்புப் படித்த கையால் கொண்டல்சாமி என்று எழுத்தெழுத்தாக எழுதினார். எழுதி முடித்ததும் சிவப்புப் பட்டையைக் கழற்றி மடித்து மேசையில் வைத்துவிட்டு உள்ளே போனார். அறைக் கதவு அவருக்குப் பின்னால் சாத்திக்கொண்டது.

ஓடைக்கரை ஆட்கள் விசயம் கேள்விப்பட்டு வாசலில் கூடிவிட்டார்கள். அன்னமயில் ஓரமாக நின்றாள். நல்ல சேலை உடுத்தியிருந்தாள். யாரோ மிட்டாய் வாங்கிக்கொண்டு வந்திருந்தார்கள். மூன்று மணிக்குக் கோப்பு வெளியே வந்தது. தனுஷ்கோடி வாங்கிப் படித்தார், என்னைப் பார்த்தார், திரும்பப் படித்தார். உத்தரவு அதே உத்தரவு. அதே எட்டாம் நாள். ஒரு எழுத்து மாறவில்லை. முன்பு கோடு இழுத்திருந்த இடத்தில், ‘மாவட்ட ஆட்சியர்’ என்பதற்கு மேலே, பச்சை மையில் கொண்டல்சாமி என்று கையெழுத்து இருந்தது, கோணல் இல்லாமல், சரளமாக. இதுவரைக்கும் ஆள் இல்லாமல் நடந்ததை இப்போது ஒரு ஆள் செய்திருந்தார், அவ்வளவுதான் வித்தியாசம். சாயங்காலம் அவர் படியிறங்கி வந்தபோது, முன்னால் புதிதாக ஒருத்தன் ‘உஸ்ஸ்’ என்று நடந்தான். ஓடைக்கரை ஆட்கள் உட்பட எல்லாரும் எழுந்து நின்றோம். அன்னமயிலும் எழுந்து நின்றாள். அவர் எங்களைத் தாண்டிப் போய்க் காரில் ஏறினார், நாங்கள் ஒதுங்கி வழிவிட்டதில் அவருக்கு ஆச்சரியம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை.

அவர் வீட்டுக்குப் போகவில்லை. சனி, ஞாயிறு இரண்டு நாளும் அன்னமயில் சோறு கட்டிக்கொண்டு கலெக்டர் பங்களா வாசலுக்குப் போனாள். வெளியாள் கொண்டுவரும் உணவை அனுமதிக்க உத்தரவு இல்லை என்று காவலுக்கு நின்றவன் திருப்பி அனுப்பினான். திங்கட்கிழமை விடிந்து வெகுநேரம் ஆகாமலே என் மேசைக்கு வந்துவிட்டாள்.

“எழுதுங்க அண்ணாச்சி. கொண்டல்சாமிக்கு அன்னமயிலு எழுதுறதுன்னு ஆரம்பிங்க.”

அவள் புருசன் பேரைத் தன் வாயால் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

“அப்பிடி எழுதுனா பிரிவுலயே தள்ளிருவாக தாயி. அவுக கைக்கே போகாது” என்றேன். பட்டத்துக்குத்தான் எழுதினேன். வீட்டைப் பற்றி நல்ல வார்த்தைகளாகப் போட்டு ஒன்றரைப் பக்கம் எழுதினேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது என்பதால் கூடவே வரிசையில் போய் நின்றேன்.

அவர் மனுவை வாங்கி மேலிருந்து படித்தார். வெள்ளைக் கோட்டு அதே கோட்டு, உட்கார்ந்திருந்த விதம் அவருடையது இல்லை.

“அன்னமயில். கணவர் பெயர் கொண்டல்சாமி. கணவர் என்னம்மா வேலை பாக்குறார்?”

அவள் அவரையே பார்த்தாள். “இங்கதான் டவாலியா இருந்தாக.”

“இப்ப?”

“மூணு நாளா வீட்டுக்கு வரல.”

“போலீஸ்ல புகார் குடுத்தீங்களா?” குரல் கனிவாக இருந்தது. அந்தக் கனிவை நான் இன்றைக்கும் வெறுக்கிறேன். பச்சை மையில் ஏதோ எழுதி இடது பக்கம் தள்ளினார். “ஓடை நீர்நிலை அம்மா. விதிகள்ல இடமில்லை. மாற்று இடத்துக்குத் தனியா விண்ணப்பிங்க.”

அன்னமயில் நகரவில்லை. புதிய டவாலி ஒரு எட்டு முன்னால் வந்தான். அவள் மேசையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வீட்டில் பேசுகிற குரலில், அவருக்கு மட்டும் கேட்கிறாற்போல் கேட்டாள்.

“சாப்பிட்டீகளா?”

பேனா நின்றது. அவர் உதடு பிரிந்தது. உள்ளே எங்கேயோ ஆழத்தில் இருந்துகொண்டு கொண்டல்சாமி அதைக் கேட்டுவிட்டார் என்று நான் நம்பினேன், இப்போதும் நம்புகிறேன், நம்பாவிட்டால் என்னால் சோறு தின்ன முடியாது. பிறகு அவர் நிமிர்ந்தார்.

“அது இந்த மனுவுல இல்லையேம்மா. தனி மனுவா எழுதிக் குடுங்க.”

அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்கள்.

வெளியே வந்து என் மேசைக்கு எதிரே உட்கார்ந்தாள். அழவில்லை. “எழுதுங்க” என்றாள். புதுத் தாள் எடுத்தேன். இந்தத் தடவை கொண்டல்சாமி என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன். கை இருபத்தாறு வருடமாக எழுதியதை எழுதிவிட்டது: மாவட்ட ஆட்சியர் அவர்கள் சமூகத்திற்கு. அதற்குக் கீழே, பொருள்: காலையில் சாப்பிட்டாரா எனக் கேட்டல் – தொடர்பாக.

அன்னமயில் பெருவிரலை மையில் ஒற்றி ரேகை வைத்தாள். தாளை வாங்கிக்கொண்டு டோக்கன் வரிசைக்குப் போனாள். அவளுக்கு முன்னால் நூற்றுப் பதினொரு பேர் நின்றார்கள்.